எட்டு மணிக்குள்

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது எடோகாவா வார்டு. அங்கே நிஷிகசாய் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சந்து. சந்து முனையில் மின்கம்பம். கம்பத்தடியில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குச் சிமெண்டுத் தரை. தொட்டியும் இல்லை, சுவரும் இல்லை. இந்தச் சந்தின் பதினைந்து இருபது வீட்டுக் குப்பையும் அங்கேதான் வந்து சேரும். காலை எட்டு மணிக்குள் வைத்துவிட வேண்டும். முந்தின இரவே வைப்பது முறையல்ல.

ஆறரை மணிக்கு ஒரு பெரியவர் வருகிறார். எண்பதை நெருங்கியிருப்பார். தொப்பி, வெள்ளை நூல் கையுறை, கழுத்தில் சிறு துண்டு. கம்பத்தில் சுருட்டிக் கட்டியிருக்கும் மஞ்சள் வலையை அவிழ்த்து விரிக்கிறார். காற்றில் எழும்பாதிருக்க வலையின் ஓரம் முழுக்கச் சங்கிலி கோத்திருக்கிறது. போதாதென்று நான்கு மூலையிலும் தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில்களை வைக்கிறார். அதற்குப் பிறகுதான் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். வலையின் ஓரத்தைத் தூக்குவது, பையை உள்ளே தள்ளுவது, மூடுவது, பெரியவரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்துவது. அதோடு சரி. என் பால்கனிக்கு நேர் கீழே நடப்பதால் டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

இத்தனை பாடும் காக்கைகளுக்காக. கம்பிமேல் மூன்று நான்கு எப்போதும் உட்கார்ந்திருக்கும். நம் தெருவில் பார்க்கும் சாம்பல் கழுத்துக் காக்கை அல்ல. உடம்பு முழுக்கக் கறுத்த, அலகு தடித்த அண்டங்காக்கை. 2001இல் மாநகர அரசு எண்ணிப் பார்த்தபோது டோக்கியோவில் 36,400 காக்கைகள் இருந்தன. அப்போதைய ஆளுநர் இஷிஹாரா ஷிந்தாரோ பொறிக்கூண்டு வைத்துப் பிடிக்கச் சொன்னார். எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. கூண்டுக்குக் கிடைத்த பெயரில் பாதியாவது இந்த வலைகளுக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எதிர்வீட்டு மாடியில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள். அமாவாசையன்று பால்கனிச் சுவரில் ஒரு பிடி சோறு வைக்கிறாள். காக்கை வந்து கொத்தும்வரை பக்கத்திலேயே நின்று, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள். கீழே பெரியவர் வலையின் மூலையை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் செய்வது மற்றவர் கண்ணில் பட்டதா என்று தெரியவில்லை. காக்கைக்கு இரண்டும் தெரியும்.

இங்கே குப்பைப் பைகள் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரிதான் இருக்க வேண்டும். அதனால் எந்த வீட்டில் என்ன சமையல் என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் சந்தில் மீன் முள்ளும் முள்ளங்கித் தோலும் கிடக்கும் பைகளுக்கு நடுவே கறிவேப்பிலைக் காம்பு, சாம்பார்ப் பொடி உறை, உறைய வைத்த தேங்காய்த் துருவல் பாக்கெட் தெரியும் பை ஒன்று இருக்கும். சில நாள் அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் கலந்திருக்கும். பாட்டிலுக்கு வேறு நாள், வேறு கூடை. மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, அலசி, நசுக்கிப் போட வேண்டும். குப்பை வண்டிக்காரர்கள் இப்படிப்பட்ட பையில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவதுண்டு. பெரியவர் அதற்கு இடம் கொடுப்பதில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்ப்பார், இடுக்கியால் பாட்டிலை எடுப்பார், மறுபடி முடிச்சுப் போடுவார். பாட்டிலைத் தன் பையில் போட்டுக்கொள்வார். லேபிளை வீட்டுக்குப் போய் உரிப்பார் போலிருக்கிறது.

எட்டு மணிக்குமேல் வண்டி வரும். சிறிய வண்டி, ஓட்டுநர் போக இரண்டு பேர், அவர்களும் ஓட்டமும் நடையுமாகத்தான் வேலை செய்வார்கள். ஒரு நிமிடத்தில் தரை காலி. பெரியவர் கூட்டி, பாட்டில் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றி அலம்பி, வலையைச் சுருட்டிக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போவார். ஒன்பது மணிக்கு இந்தப் பக்கம் வருகிற சுற்றுலாப் பயணி கண்ணில் படுவது ஒரு துளி அழுக்கில்லாத தெரு மட்டுமே. ஊருக்குப் போனதும் அவர் சொல்வார்: “ஜப்பான்காரனுக்கு ரத்தத்திலேயே சுத்தம் ஊறியிருக்கு.”

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ரத்தத்தில் ஊறியிருந்தால் 1971இல் இந்த ஊரில் குப்பைக்காக யுத்தம் நடந்திருக்காது. ஆளுநர் மினோபெ ரியோகிச்சி அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டமன்றத்தில் பயன்படுத்திய சொல்லே ‘குப்பை யுத்தம்’தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோத்தோ வார்டு வழியாகத்தான் நகரத்தின் குப்பை லாரிகளெல்லாம் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தன. மேற்கே வசதியான சுகினாமி வார்டுக்காரர்களோ தங்கள் பகுதியில் எரியாலை கட்ட விடமாட்டோம் என்று மல்லுக்கட்டினார்கள். உங்கள் குப்பை மட்டும் எங்கள் தெரு வழியாகப் போகலாமா என்று கோத்தோவில் மறியல் நடந்தது. அந்த வார்டின் மேயரே சாலையில் இறங்கி சுகினாமி லாரிகளைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் சுகினாமியிலும் எரியாலை வந்தது.

அதற்கும் முன்னால் 1965இல், கடலைக் குப்பையால் நிரப்பி உண்டாக்கிய யுமெனோஷிமா தீவிலிருந்து ஈக்கள் மேகமாகக் கிளம்பிக் கோத்தோ வீடுகளுக்குள் புகுந்தன. மருந்தடித்துப் பார்த்து முடியாமல், குப்பை மலையின் மேற்பரப்பையே எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். தீவு இப்போது பூங்கா. பக்கத்து எரியாலையின் சூட்டில் அங்கே வெப்பமண்டலச் செடிகள் வளர்கின்றன. நம்மூர்ப் பச்சையைப் பார்க்க ஏங்குகிறவர்கள் குளிர்காலத்தில் போகலாம். அதே பூங்காவில் ஒரு மரப்படகும் நிற்கிறது. 1954இல் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் விழுந்த ‘ஐந்தாம் ஃபுக்குரியு மாரு’. பெயர் மாற்றிக் கொஞ்ச காலம் ஓட்டி, பிறகு உடைத்துப் போட இந்தக் குப்பைத் தீவுக்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மக்கள் கண்டுபிடித்துக் குரல் கொடுத்ததால் 1976இல் அதற்கொரு கூடம் கிடைத்தது.

எனவே ரத்தமெல்லாம் இல்லை. யாரோ ஒருவர் ஆறரைக்கு எழுந்து வருகிறார். ஊர் முழுக்க இப்படி யாரோ ஒருவர்.

ஏழே முக்காலுக்குப் பள்ளிப் பிள்ளைகள் போகும். மஞ்சள் தொப்பி, முதுகை மறைக்கும் தோல் பை, பையின் வாரில் ஆபத்துக்கு இழுக்கும் அலாரம். ஆறு வயதுப் பிள்ளைகள் பெற்றோர் துணையில்லாமல் நடந்து போவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மெய்சிலிர்த்துப் போவார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் ஒவ்வொரு முனையிலும் மஞ்சள் கொடி பிடித்த ஒரு கை தெரியும். கொடியைக் குறுக்கே நீட்டியதும் கார் நிற்கும், பிள்ளைகள் கடக்கும், கொடிக்காரர் காரோட்டிக்கு ஒரு கும்பிடு போடுவார். இதற்கும் ஒரு கதை உண்டு. 1959இல் டோக்கியோ அரசு சாலை முனைகளில் பெண்களை நிறுத்தத் தொடங்கியது. பிள்ளைகளின் பாதுகாப்பு பாதிக் காரணம். போரில் கணவனை இழந்த பெண்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்பது மீதிப் பாதி. ‘பச்சை மாமி’ என்கிற மாதிரி ஒரு செல்லப்பெயரும் அவர்களுக்கு இருந்தது. இன்று கொடி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், கூடவே முறை வைத்து நிற்கும் பெற்றோர். எங்கள் முனையில் நிற்கும் பாட்டி ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையையும் தட்டி அனுப்புவாள். நம் பிள்ளைகள் இரண்டு பேர் போவார்கள், பாட்டியிடம் அழகான ஜப்பானிய மொழியில் காலை வணக்கம் சொல்லிவிட்டு, நான்கு எட்டு தள்ளிப் போனதும் “டேய், ஹோம்வொர்க் முடிச்சியா?” என்பார்கள்.

ரயில் நிலையத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டோக்கியோவின் நெரிசலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நிஷிகசாய் இருப்பது டோசாய் தடத்தில். அந்தத் தடத்தில் கிபாவுக்கும் மொன்சென்-நாகாச்சோவுக்கும் இடையே 2019ஆம் ஆண்டுக் கணக்கில் காலை நெரிசல் 199 சதவீதம். 200 சதவீதம் என்பதற்கு அரசே தரும் விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: உடம்போடு உடம்பு அழுந்தும், ஆனாலும் வாரப்பத்திரிகை அளவுக்கு ஏதாவது என்றால் எப்படியோ படித்துவிடலாம். நம் வாராந்தரிகள் கவனிக்க. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் கூடிவிட்டதால் இப்போது அவ்வளவு இல்லை. ஆனாலும் வெள்ளைக் கையுறை போட்ட பணியாள் பிதுங்கி நிற்கும் பையைக் கதவுக்குள் செருகிவிட்டுக் கை உயர்த்துவார். கார்டு ஜன்னலிலிருந்து வெளியே எட்டிப் பார்த்து, பிளாட்பாரத்தின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் விரலால் சுட்டிக்காட்டித் தனக்குத்தானே ஏதோ சொல்வார். யாருக்கும் கேட்காது. கண் பார்த்ததை விரலும் வாயும் உறுதிசெய்தால் தவறு குறையும் என்பது இங்கே பால பாடம். ஒரு நாளைக்கு எத்தனை நிலையமோ, அத்தனை தடவையும் விரல் நீளும்.

பெட்டிக்குள் மூச்சுச் சத்தம்தான். நிலையத்தை விட்டதும் ரயில் அரகாவா ஆற்றைக் கடக்கும். ஆறு என்கிறோம், 1930 வரை இருபது ஆண்டு போல மனிதர்கள் வெட்டிய வெள்ளக் கால்வாய் அது. வெட்டியவர்களில் முக்கியமான பொறியாளர் அவோயாமா அகிரா, பனாமாக் கால்வாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். குளிர்காலத்தில் வானம் தெளிந்த காலையில் பாலத்தின்மேல் ஃபுஜி மலை தெரியும். நான்கைந்து தலைகள் போனிலிருந்து நிமிரும். ஆறு முடிந்து ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியதும் தலைகளும் இறங்கிவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கூட்டம் குறைந்த பதினொரு மணி ரயிலில் எங்களைப் போன்றவர்களுக்குப் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும். நிற்கிறவர் அந்த இருக்கையைப் பார்ப்பார், கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வெறுப்பா, கூச்சமா, இரண்டு நிலையத்தில் இறங்க வேண்டியவரா, கேட்டுப் பார்க்கவா முடியும்? சிலர் அதை வைத்துப் பெரிய வழக்கே நடத்துவார்கள். நான் பையை அங்கே வைத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டிமார்கள் மட்டும் யோசிப்பதில்லை. நேராக வந்து ‘அப்பாடா’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். முழங்கால் வலிக்கு நிறபேதம் தெரியாது.

பகலில் சந்துக்கு வெளியே எங்கேயாவது தோண்டிக்கொண்டே இருப்பார்கள். எரிவாயுக் குழாய் மாற்றுவதற்கு மூன்று பேர் குழியில் இறங்கியிருந்தால், குழிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் சிவப்புக் கோலோடு நிற்பார்கள். குழியில் இருப்பவர்கள் இளைஞர்கள், கோல் பிடிப்பவர்கள் தாத்தாக்கள். நடந்து போகிறவர் ஒவ்வொருவருக்கும் கையால் வழி காட்டி, தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிக் குனிவார்கள். ஆகஸ்டு வெயிலில் அவர்களுடைய சட்டையின் இரு பக்கத்திலும் சின்ன மின்விசிறி சுற்றும். சட்டை பலூனாக உப்பியிருக்கும். கோல் பிடித்துக்கொண்டிருந்த கஷிவா கோய்ச்சி என்பவர் 73 வயதில் அந்த வேலையைப் பற்றி ஒரு நாட்குறிப்புப் புத்தகம் எழுதினார், அது 2019இல் வந்து நன்றாக விற்றது. விற்றதில் ஆச்சரியமில்லை, எல்லோரும் தினமும் பார்க்கிற, யாரும் நின்று பேசாத ஆள் அல்லவா.

ஏன் இத்தனை முதியவர்கள்? மூன்றில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு நாடு மூத்துவிட்டது. சரியாகச் சொன்னால் 65 வயதைத் தாண்டியவர்கள் 29 சதவீதம். அவர்களில் நான்கு பேருக்கு ஒருவர் இன்னும் வேலைக்குப் போகிறார். உழைப்பில்தான் உயிர் இருக்கிறது என்று சிலர் போகலாம். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டு தவறாமல் கட்டியவருக்கும் அடிப்படை ஓய்வூதியம் 2024இல் மாதம் 68,000 யென். டோக்கியோவில் அது வாடகைக்கே இழுக்கும். நிறுவன வேலையில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருந்தவர்களுக்கு அநேகமாக இவ்வளவுதான்.

முதியவர்களுக்கு வேலை தேடித்தரும் மையங்கள் இன்று ஜப்பான் முழுக்க இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னோடி 1975இல் இதே எடோகாவா வார்டில்தான் தொடங்கியது. மாதத்துக்குப் பத்து நாள் போல, வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குள், உடம்புக்கு ஆகிற வேலை: களை பிடுங்குவது, மரம் கழிப்பது, சைக்கிள் நிறுத்தத்தில் நிற்பது. பக்கத்து நிலையமான கசாயில் தரைக்கடியில் 9,400 சைக்கிள் நிற்கும் நிறுத்தம் இருக்கிறது. பெரும்பகுதி இயந்திரம், சைக்கிளை வாய்க்குள் தள்ளினால் விழுங்கிவிடும், அட்டையைக் காட்டினால் சில நொடியில் கக்கிவிடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். எனக்கென்னவோ நிஷிகசாயின் மேம்பாலத்தடியில் நிற்கும் தாத்தாவைப் பார்ப்பதுதான் பிடிக்கிறது. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, கைப்பிடியில் வெங்காயப் பையோடு வரும் தாய்மார்களின் சைக்கிளை வாங்கி, இரண்டு கையாலும் தூக்கி நேராக நிறுத்துவார். சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் நடுவே ஒரு முழங்கை இடைவெளி. காற்றில் ஒன்று சாய்ந்தால் வரிசையே சரியும். பிறகு முதலிலிருந்து தொடங்குவார்.

இந்த மண்ணே ஒருவிதத்தில் சாய்ந்துகிடக்கிற மண்தான். ஒரு காலத்தில் கசாய்க் கடலோரத்தில் மீன் பிடித்தார்கள், கடற்பாசி வளர்த்துக் காயவைத்தார்கள். நிலத்தடி நீரையும் எரிவாயுவையும் உறிஞ்ச உறிஞ்சத் தரை இறங்கியது. வார்டின் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் கடல் ஏற்றத்தின்போது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019இல் வார்டு அலுவலகம் வீடு வீடாகக் கொடுத்த வெள்ள வரைபடத்தின் அட்டையில், பெருவெள்ளம் வரும்போது இங்கே இருக்கக் கூடாது, வார்டைவிட்டே போய்விடுங்கள் என்று அம்புக்குறி போட்டிருந்தது. சுற்றி வளைக்காமல் பேசாத ஊரில் இவ்வளவு பச்சையாக ஒரு அரசுத் தாள் பேசியது பெரிய செய்தியானது. அந்த அக்டோபரிலேயே பெரும்புயல் வந்தது. கரை தாங்கியது.

இந்தியர்கள் இங்கே வந்து சேர்ந்ததற்கும் கிட்டத்தட்ட இந்தத் தாழ்வுதான் காரணம், வாடகையில். நிலையம் 1979இல் வந்தது. சுற்றிலும் அரசுசார் அடுக்குமாடிகள் எழுந்தன. 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க வந்த மென்பொருள் பையன்களுக்குத் தனியார் வீட்டுக்காரர்கள் வீடு கொடுக்கத் தயங்கினார்கள். இந்த அடுக்குமாடிகளில் ஜாமீன் ஆள் வேண்டாம், வீட்டுக்காரருக்குக் ‘காணிக்கை’ வேண்டாம். அலுவலகம் இருக்கும் ஓதேமாச்சிக்கு ஒரே ரயில், இருபது நிமிடத்துக்குள். கொல்கத்தாவில் பிறந்து, இங்கே தேயிலை வியாபாரம் செய்துவந்த ஜக்மோகன் சந்திராணி அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தார், சைவச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸும் போட்டார். பையன்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். இப்போது இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் நடக்கிற தூரத்தில் கிடைக்கின்றன, கறிவேப்பிலை விலையைக் கேட்டால்தான் தாளிக்கும்போது கை நடுங்கும்.

வந்தவர்கள் பலரும் சில ஆண்டுகளில் திரும்பிப் போகிறார்கள். போகும்போது சாமான் மிஞ்சும். ஒரு பக்கம் முப்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் அது ‘பெரிய குப்பை’. முன்பதிவு செய்து, கடையில் காசு கொடுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வைக்க வேண்டும். மார்ச் மாதம் ஒரு காலையில் கம்பத்தடியில் டேபிள்டாப் கிரைண்டர் ஒன்று இருந்தது, நெற்றியில் ஸ்டிக்கரோடு. பெரியவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே கைவிட்டுக் கல்லைத் தொட்டார். கொத்திய தழும்பின்மேல் விரலை மெதுவாக ஓட்டினார். பிறகு உருளையைப் பிடித்துக் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். கல்லோடு கல் உரசும் சத்தம் என் பால்கனிக்குக் கேட்டது. இங்கேயும் சோபா நூடுல்ஸுக்கான மாவும் சோயாவும் அரைத்த கல் ஏந்திரங்கள் உண்டு. அவர் தலைமுறை சிறுவயதில் சுற்றியிருக்கும். இன்னொரு சுற்று. மூடினார். துண்டால் தூசியைத் துடைத்தார், ஒரு மணி நேரத்தில் நொறுங்கப்போகிற சாமானை. வண்டி வந்தது. பையன் ஒற்றைக் கையால் தூக்கப் பார்த்தான், எழும்பவில்லை. சந்தேகத்தோடு பெரியவரைப் பார்த்தான். பெரியவர் கையை அரைவட்டமாகச் சுற்றிக் காட்டி ஏதோ விளக்கினார், தன் வீட்டுப் பொருளைப் பற்றிச் சொல்கிற தோரணையில். இரண்டு பேராகத் தூக்கிப் போனார்கள். இந்தியாவிலிருந்து வந்த கிரைண்டர் இங்கே ஓட வேண்டுமானால் 100 வோல்ட்டை 230 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். லேசான சாமான் அல்ல அது. அடுத்த வாரம் அதுவும் வந்தது.

மாலையில் வார்டின் ஒலிபெருக்கிகளில் ‘யூயாகே கோயாகே’ மெட்டு வரும். 1923இல் வெளிவந்த குழந்தைப் பாட்டு. பிள்ளைகளே வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தமாகிவிட்டாலும், உண்மையில் அது பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கும் சோதனை. பூங்காவில் பந்து நிற்கும். தமிழ்த் தாய்மார்கள் மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் பேசுவார்கள்.

இரவில் வேலை செய்கிறவர்கள் வேறு. சந்து முனையில் இருக்கும் ‘கொம்பினி’ கடை இருபத்திநாலு மணி நேரமும் திறந்திருக்கும். கல்லாவில் நேபாளத்து மாணவன். மாணவர்கள் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். எதிர்வீட்டுப் பெண் பால் வாங்கப் போகிறாள். அவளுக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் தெரிய வழியில்லை. பை வேண்டுமா, சூடாக்கித் தரட்டுமா, மெம்பர் கார்டு உண்டா என்று அவன் மரியாதை சொட்டும் ஜப்பானிய மொழியில் கேட்கிறான். 2020 ஜூலையிலிருந்து பைக்குக் காசு என்பதால் அவள் துணிப்பையைக் காட்டி அதே மரியாதையோடு மறுக்கிறாள். இருவர் தலையும் ஒரே கோணத்தில் சாய்கிறது. பின்னால் வரிசையில் நிற்கும் ஜப்பானிய இளைஞன் காதில் இயர்போனோடு, வாயே திறக்காமல் வாங்கிக்கொண்டு போகிறான்.

அடுத்த பிப்ரவரியில் பெரியவர் வரவில்லை. இரண்டு நாளில் காக்கைகளுக்குத் தெரிந்துவிட்டது. வலை கிடந்தது, ஆனால் யாரோ அவசரத்தில் போட்ட வலை, பாட்டில்கள் வைக்கவில்லை. முட்டை ஓடும் டீத்தூளும் சந்தின் பாதிவரை இறைந்தன. ஆள் ஆளாக வந்து பார்த்துவிட்டு, அவரவர் வாசலுக்கு நேரே மட்டும் கூட்டினார்கள். முழங்காலில் அறுவைசிகிச்சை என்று பிறகு தெரிந்தது. உண்மையில் வலை போடுவது அவர் வேலையே அல்ல. வாரத்துக்கு ஒரு வீடு என்று சந்தில் முறை உண்டு. ‘இந்த வாரம் உங்கள் முறை’ என்ற அட்டை வீடு வீடாகக் கதவில் மாறித் தொங்கும். அட்டை தொங்குவது தொங்கட்டும், எழுந்தவர் செய்யட்டும் என்று அவரே செய்துவந்திருக்கிறார். மற்றவர்கள் அட்டையை மட்டும் ஒழுங்காகக் கைமாற்றியிருக்கிறார்கள்.

வசந்தத்தில் ஊன்றுகோலோடு வந்து நின்றார். வேலை செய்ய அல்ல. புது முறைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட. பதினெட்டுப் பெயர்களில் ஏழு, வெளிநாட்டுப் பெயர்களுக்கான எழுத்தில் இருந்தன. எதிர்வீடு நான்காவது வாரம். அந்த வீட்டின் பெயர்தான் எல்லோரையும் குழப்பும். ஜப்பானியத் தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நம் பெண்ணின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவள் அப்பா பெயர். கணவனுடையதில் அவன் அப்பா பெயர். பிள்ளைக்கு இவன் பெயர். ஒரே தபால் பெட்டியில் மூன்று குடும்பம். முறைப் பட்டியலில் அவளைத்தான் சேர்த்திருந்தார்கள். குடும்பப் பெயரோடு ‘சான்’ போட்டு அழைப்பதுதான் இங்கே மரியாதை என்பதால், பெரியவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து, மாடியைப் பார்த்து அவள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் இறங்கி வந்தாள். வலையை எந்தப் பக்கத்திலிருந்து விரிப்பது, பாட்டிலை எங்கே வைப்பது, வண்டி போன பிறகு சங்கிலி சிக்காமல் எப்படிச் சுருட்டுவது என்று அவர் ஊன்றுகோலால் காட்டக் காட்ட அவள் செய்தாள். மூன்றாம் மூலையில் ஒரு தடவை திருத்தினார். பிறகு ஒவ்வொரு தடவையும் அவள் அப்பா பெயரைச் சொல்லித் தலையாட்டிப் பாராட்டினார்.

அன்று மாலை பால்கனியில் நின்று ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். கதவில் தொங்கும் அட்டையைக் காட்டியிருக்க வேண்டும்.

“என்னம்மா அது, என் பேரு எழுதியிருக்குங்கிற?”

“இந்த வாரம் குப்பை உங்க முறைப்பா.”

திருநெல்வேலியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அப்பாவின் குரல் இல்லை, அம்மாவின் குரல்: “நல்லா கேளு. இங்க ஒரு நாளாவது எடுத்து வெளியில வச்சிருப்பாரா?”